கற்றளிக்கு ஒரு வெண்பா, பூங்காவிற்கு ஒரு சிறை

திருத்தணிக்குச் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் மலையேறித் தணிகை முருகனை வணங்கிய கையோடு ஊர் திரும்பிவிடுகின்றனர். 365 படிகளையும் ஆடிக் கிருத்திகையின் பூக்காவடிகளையும் அறிந்த அளவிற்கு, கீழே ஊருக்குள் நந்தியாற்றை ஒட்டி அமைந்திருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை அவர்கள் அறிந்திருப்பதில்லை. 'வீரட்டானம்' என்னும் பெயரைக் கண்டு அட்ட வீரட்டங்களுள் இதுவும் ஒன்றோ என ஐயுறுவோரும் உளர். கண்டியூர், கோவலூர், அதிகை எனத் தொடரும் அந்த எட்டனுள் இது அடங்காது. ஆயினும் பல்லவப் பேரரசின் கடைசி ஏடுகளைப் புரட்ட விரும்புவோர் இங்கு வந்தே தீரவேண்டும்.

கோயில் மிகச் சிறியது. மாமல்லையையும் காஞ்சிக் கயிலாசநாதரையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருவோருக்கு முதற்பார்வையில் ஏமாற்றமே மிஞ்சும். ஒற்றைத் தள விமானம். அதன் பின்புறம் படுத்திருக்கும் யானையின் பின்னுடல்போல் வளைந்து செல்கிறது. தேவாரம் பெண்ணாகடத்தில் பாடும் 'தூங்கானை மாடம்' என்னும் சொல் எத்தனை பொருத்தமானது என்பதை இவ்விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே உணரலாம். வளைவில் கல்லை வைத்துக் கட்டுவது எளிய செயலன்று. செங்கல் வளைவுக்கு இணங்கும், கருங்கல் இணங்காது. ஒவ்வொரு கல்லின் முகத்தையும் அதன் இடத்திற்கு ஏற்பச் செதுக்கியாக வேண்டும். சுவரின் கோட்டங்களில் பிள்ளையார், தென்முகக் கடவுள், திருமால், நான்முகன், கொற்றவை என்று பிற்காலச் சோழர் கோயில்களில் நாம் பழகிய வரிசை இங்கேயே உருப்பெற்றுவிட்டதைக் காணலாம்.

நம்மை இங்கு ஈர்த்தது சிற்பம் மட்டுமன்று, ஒரு கல்வெட்டு. அபராசித பல்லவரின் 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அச்செய்தியைச் சொல்வது வழக்கமான கல்வெட்டு உரைநடை அன்று, ஒரு வெண்பா. திருத்தணியில் உறையும் ஈசனுக்குக் கல்லால் கோயில் சமைத்த நம்பி அப்பியைப் போற்றும் பாடல் அது. பாடலை அடுத்து வரும் சிறு குறிப்பே வியப்பிற்குரியது. இவ்வெண்பாவைப் பாடியவர் பெருமானடிகளே, அதாவது மன்னர் அபராசிதரே என்கிறது அக்குறிப்பு.

புரவலனைப் புலவன் பாடிய பாடல்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உண்டு. அரசன் ஆண்டவனைப் பாடியதும் உண்டு; ஐயடிகள் காடவர்கோனே பல்லவர் குலத்தவர்தாம். மகேந்திரவர்மர் வடமொழியில் மத்தவிலாசம் எழுதினார். தமிழ்ப்பாடல் கேட்பதற்காகவே உயிரை ஈந்தான் என்று மூன்றாம் நந்திவர்மரைப் பற்றி நந்திக் கலம்பகத்தையொட்டி ஒரு கதை உலவுகிறது. அது கதை. ஆனால், முடிசூடிய மன்னரே தம் நாட்டில் வாழ்ந்த ஒருவரின் திருப்பணியைத் தமிழ் வெண்பாவில் பாடி, அது கல்லிலும் ஏறி, இன்றும் நம் கண்முன் நிற்பது மிக அரிய செய்தி.

அந்த மன்னரின் நிலையையும் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் திருப்புறம்பியம் புதிதன்று. ஏறத்தாழ 880இல் நிகழ்ந்த அப்போரில் கங்க மன்னர் பிருதிவீபதியும் சோழர் ஆதித்தரும் துணைநிற்க, இரண்டாம் வரகுண பாண்டியரை எதிர்த்து வெற்றி கண்டவர் அபராசிதர். பிருதிவீபதி களத்திலேயே உயிர் துறந்தார். வெற்றியின் பயனைச் சுவைத்தவரோ ஆதித்தர்! சில ஆண்டுகளுக்குள் அதே ஆதித்தர் யானைமேலிருந்த பல்லவ மன்னர்மீது பாய்ந்து அவரைக் கொன்றதாக வீரராசேந்திரரின் கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. அபராசிதரை ஆதித்தர் வென்ற செய்தியைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ திருத்தணிக்கு அண்மையிலுள்ள ஊரிலேயே கிடைத்தவை. அபராசிதருக்கு இதுவரை கிடைத்துள்ள ஆட்சியாண்டுகளில் திருத்தணியின் 18ஆம் ஆண்டே கடைசி. அரசு கைநழுவிக்கொண்டிருந்த வேளையில்தான் அவர் இவ்வெண்பாவைப் பாடியிருக்கிறார்.

திருத்தணிப் பயணம் முடிந்து சில திங்கள் கழித்து, பிரான்சு நாட்டில் வாழும் நண்பர்களின் துணையோடு வோ-லெ-விகோம்த் என்னும் தோட்டத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், மெலன் நகருக்கருகே உள்ளது அது. அங்கே நடந்த பொழுதெல்லாம் அபராசிதரின் வெண்பா நம்மை விடாமல் பின்தொடர்ந்தது. நம்பி அப்பியைப் போலவே அழகிய ஒன்றை எடுப்பித்த ஒரு குடிமகனும், அதைக் கண்ட ஓர் அரசனும் அந்தத் தோட்டத்தின் வரலாற்றில் இருக்கின்றனர். முடிவுதான் வேறு.

பரோக் பாணித் தோட்டம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். நம் இலக்கியம் பாடும் பொழில் இருண்டு செறிந்தது, வண்டு முரலும், கதிரவன் நுழைய அஞ்சுவான். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் தோட்டமோ இதற்கு நேர் மாறானது. மாளிகையின் நடுவாயிலிலிருந்து ஒரு நேர்கோடு புறப்பட்டுத் தொடுவானம் வரை ஓடும். அக்கோட்டின் இருபுறமும் செடியும் நீரும் சிலையும் ஒன்றையொன்று நிகர்த்து நிற்கும். குறுஞ்செடிகளை வெட்டி வெட்டித் தரையில் பூத்தையல் போட்டதுபோல் கோலம் வரைந்திருப்பார்கள். மரம் தன் விருப்பப்படி ஒரு கிளையை நீட்டவும் அனுமதி இல்லை. மார்கழிக் கோலத்தை மண்ணில் நட்டு வளர்த்ததுபோல் என்று நம்முள் ஒருவர் சொன்னது பொருத்தமாகவே பட்டது. கோலத்தைக் காலையில் போட்டு மாலையில் மறந்துவிடலாம். இதையோ ஆண்டு முழுதும் கத்தரித்துக்கொண்டே இருக்கவேண்டும்!

மாளிகைப் படிகளில் நின்று பார்த்தால் 33 ஹெக்டேர் தோட்டமும் ஒரே பார்வையில் அடங்கிவிடுவதுபோல் தோன்றும். முதலில் பூத்தையல் பாத்திகள், பிறகு வட்டக்குளம், அதற்கப்பால் சதுரக்குளம், அதன் விளிம்பிலேயே எழும் செயற்கைக் குகைகள், அவற்றின் பின்னே புல்மேட்டின் உச்சியில் பொன்முலாம் பூசிய எர்க்குலீசு சிலை. 'இவ்வளவுதானே, கால்மணியில் சுற்றிவிடலாம்' என்று எண்ணி இறங்குகிறோம். நடக்க நடக்கக் குகைகள் பின்வாங்கிக்கொண்டே போகின்றன! மேலிருந்து பார்த்தபோது சிறிதாகத் தெரிந்த சதுரக்குளம் பேரளவினதாக விரிகிறது. அதன் கரையை அடைந்த பிறகே, குளத்திற்கும் குகைக்கும் இடையில் பள்ளத்தில் ஒரு பெருங்கால்வாய் குறுக்கே ஓடுவது கண்ணில் படுகிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நீர்ப்பரப்பை மாளிகையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருக்கிறார் தோட்டத்தை அமைத்த அந்த்ரே லெ நோத்ர். தொலைவிலுள்ளவை சிறுத்துத் தெரியும் என்பதால் தொலைவிலுள்ள நீர்நிலைகளைப் பெரிதாக வெட்டி, தரைமட்டங்களைப் படிப்படியாகத் தாழ்த்தி, கண்ணை ஏமாற்றும் கணக்கு அவருடையது. அக்கால்வாய்க்கு ஊரார் இட்ட பெயர் 'வாணலி'. ஒருமுனை வட்டமாக விரிவதால் அப்பெயராம். இத்தனை நுண்கணிதத்திற்கும் கடைசியில் அடுக்களைப் பெயரே வாய்த்திருப்பது நமக்கு மிகவும் பிடித்துப்போனது.

இதை உருவாக்கியவர் நிக்கோலா ஃபூக்கே. 1653 முதல் பிரெஞ்சு அரசின் நிதித்துறையைக் கவனித்தவர். கட்டடத்திற்கு லூயி லெ வோ, ஓவியத்திற்கு ஷார்ல் லெ ப்ரன், தோட்டத்திற்கு லெ நோத்ர் என மூன்று மேதைகளை ஒன்றுசேர்த்த பெருமை அவருக்கே உரியது. அவருடைய குலப்பெயர் பிரான்சின் மேற்குப் பகுதி வழக்கில் அணிலைக் குறிக்கும். ஆகவே அணிலையே தம் சின்னமாகக் கொண்டார். 'எவ்வளவு உயரம்தான் ஏறமாட்டான்' என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரும் அதனுடன் இருந்தது. அரசவையில் இருப்போர் தேர்ந்தெடுக்கத்தக்க தொடர் அன்று அது.

1661 ஆகஸ்டு 17 அன்று ஃபூக்கே தம் புதிய மாளிகையில் மன்னர் பதினான்காம் லூயிக்கு விருந்தளித்தார். லூயிக்கு அப்போது வயது 22. அன்றிரவு தோட்டத்தில் மோலியேரின் புதிய நாடகம் ஒன்று முதன்முதலாக மேடையேறியது. நீரூற்றுகள் ஆடின; வாணவேடிக்கை வானை நிறைத்தது. மன்னரிடமே இப்படியொரு தோட்டம் அன்று இல்லை. செப்டம்பர் 5ஆம் நாள், மன்னரின் பிறந்தநாளன்று, நாந்த் நகரில் ஃபூக்கே கைது செய்யப்பட்டார். கைது செய்தவர் தார்த்தன்யான். ஆம், அலெக்சாந்தர் தூமாவின் புதினத்தில் நாம் சந்தித்த அதே பெயருடைய மெய்யான வீரர்!

விருந்தைக் கண்டு மனம் புழுங்கிய மன்னர் விருந்தோம்பியவரைச் சிறையிலிட்டார் என்பது மக்கள் விரும்பிச் சொல்லும் கதை. வரலாறு சற்றுச் சிக்கலானது. முதலமைச்சர் மசரேன் அவ்வாண்டு மார்ச்சில் இறந்தபின் ஆட்சியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள லூயி முடிவு செய்தார். ஃபூக்கேயின் கணக்குகளைப் பற்றி கோல்பேர் தொடர்ந்து குறைகூறிவந்தார். கைது செய்யும் முடிவு மே மாதத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஃபூக்கே அப்பழுக்கற்றவர் என்றும் கொள்வதற்கில்லை. அரசின் பணமும் அவர் பணமும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. ஆனால் அந்நாளில் அப்பதவியில் இருந்தோர் பலரின் நிலையும் அதுவே. விசாரணை மூன்றாண்டுகள் நீண்டது. 1664 டிசம்பரில் நீதிபதிகள் விதித்தது நாடுகடத்தல். மன்னர் அதில் தலையிட்டார். தண்டனையைக் குறைப்பதற்கு அன்று. வாழ்நாள் சிறையாகக் கூட்டுவதற்கு! 1680இல் ஆல்ப்சு மலையடிவாரத்துப் பினெரோல் கோட்டைச் சிறையிலேயே ஃபூக்கே மறைந்தார்.

அவருக்காகக் குரல்கொடுத்தவர்களுள் ஒருவர் கவிஞர் லா ஃபோந்தேன். நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் அரபு வழியாக 'பில்பை' என்னும் இந்திய முனிவரின் பெயரில் ஐரோப்பாவை எட்டியிருந்தன. 1678இல் வெளியிட்ட தம் நீதிக்கதைத் தொகுதியில் அம்முனிவருக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். வோ தோட்டத்து நீரணங்குகளை விளித்து, மன்னரின் மனம் இரங்கச் செய்யுமாறு வேண்டி ஒரு கையறுநிலைப் பாடலை அவர் எழுதினார். பயனில்லை.

வோவின் எலுமிச்சை இனத்து நாரத்தை மரங்களும் சிலைகளும் திரைச்சீலைகளும் அரசருக்குரியவாயின. லெ வோ, லெ ப்ரன், லெ நோத்ர் மூவரும் மன்னரின் பணிக்குச் சென்றனர். அவர்களின் உழைப்பில் எழுந்ததே உலகம் போற்றும் வெர்சாய். அங்கும் ஒரு மன்னரின் எழுத்து நமக்குக் கிடைக்கிறது என்பதே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. வெர்சாய்த் தோட்டத்தை எப்படிச் சுற்றிக்காட்டவேண்டும் என்று லூயியே ஒரு வழிகாட்டியை எழுதினார். 1689 தொடங்கி அதைப் பலமுறை திருத்தியும் எழுதினார். எந்த மேடையில் நிற்கவேண்டும், எப்பக்கம் திரும்பவேண்டும், எந்த ஊற்றை எங்கிருந்து நோக்கவேண்டும் என்று வரிசையாக ஆணையிடும் நூல் அது. மரத்தின் கிளையை மட்டுமன்றிப் பார்ப்பவரின் கழுத்தையும் நேர்கோட்டில் வைத்திருக்க விரும்பியிருக்கிறார்!

இரு மன்னர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தமது தோட்டத்தைப் பற்றித் தாமே எழுதினார். மற்றவர் வேறொருவர் எடுத்த கோயிலைப் பற்றி எழுதினார். இவ்வளவில் நிறுத்திக்கொண்டு 'பார்த்தீர்களா நம் பெருமையை!' என்று மார்தட்டுவது எளிது. அப்படிச் செய்வது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. லூயியின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. அபராசிதரின் கை தாழ்ந்துகொண்டிருந்தது. தெற்கே ஆதித்தர் வளர்ந்துவரும் வேளையில், தொண்டை நாட்டில் பொருளும் செல்வாக்கும் உடைய ஒவ்வொருவரின் நட்பும் பல்லவருக்குத் தேவைப்பட்டிருக்கும். வெண்பாவில் அரசியல் இல்லை என்று நாம் வாதிடப்போவதில்லை. ஆயினும் நட்பை நாட அரசரிடம் நிலமும் பட்டமும் போல் எத்தனையோ வழிகள் இருந்தன. அவர் அமர்ந்து எதுகை தேடியிருக்கிறார். வெண்பா எழுத முயன்ற அன்பர்கள் அது எத்தனை முரண்டுபிடிக்கும் வடிவம் என்பதை அறிவர். தளை தட்டாமல் ஒருவர் பெயரை உள்ளே அமர்த்துவதற்கே எத்தனை முறை அடித்துத் திருத்தவேண்டும்!

மலரும் மரமும் நம் நாட்டில் அரசரின் ஆணைக்கு வெளியே இருந்தன என்றும் எண்ணிவிடவேண்டாம். பல்லவர் செப்பேடுகளில் 'குவளைக்காணம்' என ஒரு வரி வருகிறது. குவளை நடுவதற்குச் செலுத்தவேண்டிய கட்டணம் அது. சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைக் கொடையளிக்கும்போது உடன் வழங்கும் உரிமைகளைப் பட்டியலிடுவர். சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம் என்பவற்றோடு, தமனகமும் மருவும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம் என்று ஒரு வரி வரும். ஆனைமங்கலச் செப்பேட்டில் இதைப் படிக்கலாம். அனுமதி தந்தார்கள் என்றால், அனுமதியின்றி நட முடியாது என்பதுதானே பொருள்? மணமிக்க மருக்கொழுந்தும் நீரில் பூக்கும் செங்கழுநீரும் அரசின் சொல்லைக் கேட்டே மண்ணில் வேர்விட்டன. லூயி செடியின் வடிவத்தை ஆண்டார். நம் மன்னர்கள் செடியை நடும் உரிமையையே ஆண்டார்கள்.

இந்தப் பின்னணியில் திருத்தணியின் மலர்க்கதையை மீண்டும் நோக்கினால் அது புதிய பொருள் கொள்கிறது. இந்திரன் இம்மலையின் சுனையில் நீலோற்பலத்தை நட்டு, அம்மலர்களால் முருகனை வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். காலை, நண்பகல், மாலை என நாளொன்றுக்கு மூன்று மலர்கள் அங்கே பூத்தனவாம். அதனாலேயே இம்மலைக்கு நீலோற்பலகிரி என்னும் பெயர். தணிகைமுருகனின் 'செங்கல்வராயன்' என்னும் திருப்பெயரும் செங்கழுநீர் பூக்கும் வரைக்கு உரியவன் என்பதன் மரூஉ என்பர். 33 ஹெக்டேர் எங்கே, மூன்று பூக்கள் எங்கே! தோட்டத்தைப் பரப்பால் அளக்காமல், அது நாள்தோறும் தரும் பூவால் அளந்த மரபு இது. நம் கல்வெட்டுகளில் நந்தவனம் வரும் இடங்களைப் பார்த்தாலும், பாத்திகளின் அழகைப் பற்றி ஒரு சொல் இராது. எத்தனை திருப்பள்ளித்தாமம், அதைத் தொடுப்பவருக்கு எவ்வளவு நெல், நீர் இறைப்பவருக்கு எவ்வளவு நிலம் என்றே கணக்குச் செல்லும். வோ தோட்டத்து வழிகாட்டிக் குறிப்புகளில் லெ நோத்ரின் பெயரைப் பலமுறை படித்தோம். கால்வாயை வெட்டியவர் உண்ட உணவின் கணக்கை அங்கே நாம் படிக்கவில்லை.

ஃபூக்கேயை வீழ்த்திய கோல்பேர்தான், தீர்ப்பு வெளியான அதே 1664ஆம் ஆண்டில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினார். பத்தாண்டுகள் கழித்து அக்கம்பெனி புதுச்சேரியில் நிலைகொண்டது. அவ்வூரின் நேர்நேரான வீதிகளில் நடக்கும் அன்பர்கள் இதையும் நினைவில் கொள்ளலாம்.

வோ மாளிகை பின்னர் ஃபூக்கேயின் மனைவியிடம் திரும்பியது. 1705இல் கைமாறியது, நூற்றாண்டுகளில் பாழடைந்தது. 1875இல் சர்க்கரை ஆலை அதிபர் அல்ஃபிரெட் சோமியே அதனை ஏலத்தில் வாங்கிப் புதுப்பித்திராவிட்டால் இன்று நாம் காண அங்கு ஏதும் இருந்திராது. மீட்டெடுத்த பூத்தையல் பாத்திகளும் நிலைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் நோயும் புழுவும் குறுஞ்செடிகளை அரிக்க, 2019இல் அவற்றைப் பெயர்த்தெடுக்கவேண்டியதாயிற்று.

திருத்தணியில் நடந்ததைப் பாருங்கள். அபராசிதரைக் கொன்று தொண்டை நாட்டைக் கைப்பற்றிய சோழர்கள் அவருடைய வெண்பாவைக் கொத்தி எறியவில்லை. 1977இல் திருத்தணிக்கு அருகேயுள்ள வேலஞ்சேரி என்னும் சிற்றூரில் இரு செப்பேட்டுத் தொகுதிகள் ஒருசேரக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தவர் முனைவர் இரா. நாகசாமி. ஒன்று அபராசிதர் தம் 9ஆம் ஆட்சியாண்டில் திருத்தணி மலைமேல் உறையும் சுப்பிரமணியருக்கு அளித்த கொடையைப் பற்றியது. மற்றொன்று முதலாம் பராந்தக சோழரின் 25ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பராந்தகர், ஆதித்தரின் மைந்தர். கொல்லப்பட்டவரின் ஏடும், கொன்றவரின் மகனது ஏடும் ஒன்றாகவே ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றன.